கடைசிப் பந்திக்கு விழும் வெட்டு

இந்தக் கதையில் நடந்த எதையும் நான் பார்க்கவில்லை. விடுதியில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த ஜெபக்கனி சொன்னாள். அவளுக்கு அவளுடைய அம்மா எஸ்தர் சொல்லியிருந்தார். எஸ்தர் அந்த நாட்களில் மேலக்கரும்பாறை காவல் நிலையத்தில் ஏட்டாக இருந்தவர், பாதியைக் கண்ணால் பார்த்தவர், மீதியைப் பார்த்தவர்களிடம் கேட்டவர். ஜெபக்கனியை இரண்டு தடவை சொல்ல வைத்தேன். இரண்டு தடவையும் மாறாமல் வந்ததை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

மேலக்கரும்பாறைக்கு மேற்கே குவாரி, குவாரிக்கு இந்தப் பக்கம் கிரஷர், கிரஷரின் தூசி விழுகிற இடத்தில் கிரஷர் தெரு, தூசி எட்டாத இடத்தில் மற்ற தெருக்கள். குவாரி ஆவுடையப்பனின் பெயரில் இல்லை. ஆனால் எந்தக் கல் எந்த லாரியில் ஏறும், எந்த லாரி எந்தச் சாலையில் கவிழும் என்பதையெல்லாம் அவன்தான் சொன்னான். வருடா வருடம் சுடலைமாடன் கோயில் கொடை விழாவுக்கு அவன் கிடா வெட்டி ஊருக்கே சோறு போட்டான். முதல் பந்தியில் பெரிய வீட்டுக்காரர்கள், அடுத்ததில் கடைக்காரர்கள், அதற்கும் அடுத்ததில் லாரிக்காரர்கள், எல்லோரும் எழுந்து கைகழுவிய பிறகு, குழம்பில் எலும்பும் தண்ணீரும் மட்டும் மிஞ்சிய பிறகு, கடைசிப் பந்தியில் கிரஷர் தெரு. ஒவ்வொரு பந்தியிலும் முதல் கரண்டிச் சோற்றை ஆவுடையப்பன் தன் கையால் இலை இலையாக வைத்துக்கொண்டே போவான். ஒரு இலையையும் விடமாட்டான். அதை ஊர் அவனுடைய பணிவு என்று சொல்லிக்கொண்டது.

ஒரு கொடை முடிந்த மறுவாரம் பேருந்து நிலையத்தில் காசு கொடுத்துச் சர்பத் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தவனை எதிர்க் குவாரிக்காரர்கள் அரிவாளால் கழுத்தில் வெட்டினார்கள். வெட்டு விழுந்த சத்தத்தை எல்லோரும் கேட்டார்கள். ஆவுடையப்பன் கொசு கடித்த இடத்தைத் தடவுவதுபோலக் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, மிச்சம் இருந்த சர்பத்தைக் குடித்து முடித்து, அந்தக் கண்ணாடிக் குவளையை உடைத்து வெட்டியவனின் முகத்தில் இறக்கினான். அதே நேரத்தில் கிரஷர் தெருவில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுச் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த குருசாமியின் கழுத்து ஆட்டுக்கழுத்துபோலத் திறந்துகொண்டது. அவனுடைய அக்கா முப்பிடாதி தண்ணீர்க் குடத்தோடு வந்தவள், சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருப்பதையும் அது சுற்றச் சுற்ற ரத்தத்தைச் சுவரில் தெளிப்பதையும் பார்த்தாள். சக்கரத்தை ஒரு கையால் நிறுத்திவிட்டுத்தான் குடத்தை இறக்கினாளாம்.

இது எப்படி நடந்தது என்று யாரும் கேட்கவில்லை. யாருக்கு நடக்கும் என்றுதான் கேட்டார்கள். அடுத்தடுத்து அவனுக்கு விழுந்த குத்துகள், தடியடிகள் எல்லாம் கிரஷர் தெருவில் போய் விழுந்ததும் ஊர் மெல்லப் புரிந்துகொண்டது: அவன் கையால் சோறு வாங்கியவர்கள் அவனுடைய உடம்பு ஆகிறார்கள், கடைசியாக வாங்கியவர்கள் மேல்தோல் ஆகிறார்கள், எந்த உடம்பிலும் அடி முதலில் தோலுக்குத்தான். முதல் பந்திக்காரர்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள். அடுத்த கொடையில் முதல் பந்திக்கு நடந்த நெரிசலில் ஒரு ஓய்வுபெற்ற தலைமையாசிரியரின் தோள் கழன்றது. பெண் பார்க்க வந்தவர்கள் நகை விசாரிப்பதற்கு முன்னால் எந்தப் பந்தி என்று விசாரித்தார்கள். கிரஷர் தெரு சாப்பிடாமல் இருந்திருக்கலாமே என்று நான் கேட்டதற்கு ஜெபக்கனி என்னைப் பார்த்த பார்வையில் எனக்கே வெட்கமாகிவிட்டது. சாப்பிடாதவனுக்கு மறுநாள் குவாரியில் வேலை கிடையாது. அதுவும் இல்லாமல், ஒரு தடவை சாப்பிட்ட சோறு சாப்பிட்டதுதான்.

தெரு அதற்கும் பழகிக்கொண்டது. ஆவுடையப்பனுக்குப் பல்வலி வந்தால் கிரஷர் தெருப் பெண்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கல் சுமந்தார்கள். அவன் குடித்துவிட்டு புல்லட் ஓட்டிக்கொண்டு போகும் சத்தம் கேட்டால் தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு, சத்தம் வளைவைத் தாண்டியதும் விட்டது. ஊரிலேயே அவனுடைய ஆயுளுக்காக நேர்ந்துகொண்டு சுடலைக்குச் சேவல் விட்ட தெரு அதுதான். அவனோ தன்னை எதிர்த்துப் பேசுகிறவனின் கடைக்குப் போய், கல்லாப்பெட்டி மேல் தன் உள்ளங்கையை விரித்து வைத்து, அதன் நடுவில் கத்தியை இறக்கி, கத்தி மரத்தில் நிற்க, கையில் ஒரு சொட்டும் வராமல் நிற்க, "யாரு கைன்னு போய்ப் பாத்துட்டு வாரும்வே" என்பான். பார்த்துவிட்டு வந்தவர்கள் அதற்குப் பிறகு எதிர்த்துப் பேசவில்லை.

காவல் துறைக்கும் ஒரு பாடம் கிடைத்தது. ஒரு இன்ஸ்பெக்டர், ரோஷக்காரர், ஊருக்குப் புதியவர், ஓடுகிறவனின் காலில் சுட்டார். ஆவுடையப்பன் நிற்காமல் ஓடினான். தையல் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த முப்பிடாதியின் மகள் கோமதியின் முழங்கால் நடுச்சாலையில் சிதறியது. அந்த இன்ஸ்பெக்டர் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். கோமதி அதன் பிறகு நேராக நடக்கவில்லை.

அந்த இன்ஸ்பெக்டரின் இடத்துக்குத்தான் நவமணி வந்தார். நாற்பதை நெருங்கிய பெண், சத்தமில்லாமல் பேசுகிறவர், மதியத்துக்குத் தயிர்சாதத்தை வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு வருகிறவர். அவருக்கு ஒரே ஒரு பெருமை இருந்தது என்று எஸ்தர் சொல்வாராம்: தன் காலால் நடந்து அவருடைய ஸ்டேஷனுக்குள் வந்த எவனையும் தூக்கிக்கொண்டு வெளியே போனதில்லை. கைதியைத் தொட்ட காவலரை அவர் கைதியிடமே மன்னிப்புக் கேட்க வைத்த கதை அவருக்கு முன்னாலேயே ஊருக்கு வந்திருந்தது. ஊர் சிரித்தது. தொடாமல் பிடிக்க ஆவுடையப்பன் என்ன வெயிலா என்றார்கள்.

நவமணி கிரஷர் தெருவில் காயம்பட்ட ஒவ்வொரு வீட்டுக்கும் போய்த் தரையில் உட்கார்ந்தார். யார் அடித்தது என்று கேட்கவில்லை, அது தெரிந்ததுதான். எந்தப் பந்தியில் உட்கார்ந்தாய், யார் சோறு வைத்தது, மறுசோறு வாங்கினாயா என்று கேட்டார். பிறகு ஆவுடையப்பனுக்கு முடிவெட்டுகிறவர், அவனுடைய கார் ஓட்டி, கல்யாண மண்டபத்துச் சமையல்காரர் என்று ஒவ்வொருவராகப் பிடித்து, வேறு எதையோ விசாரிப்பதுபோல அவன் எங்கே சாப்பிடுவான் என்று விசாரித்தார். தானே பொங்கித் தின்பதைத் தவிர எங்கேயும் சாப்பிடமாட்டான் என்பதுதான் எல்லோருடைய பதிலும். தங்கச்சி வீட்டிலும் சாப்பிட்டதில்லை. கல்யாண வீட்டில் வெற்றிலைகூட வாங்கமாட்டான். பெரிய மனிதனின் கெத்து என்றுதான் நினைத்தோம் என்றார் கார் ஓட்டி.

அன்று ஜீப்பில் திரும்பும்போது நவமணி, "கெத்து இல்ல எஸ்தரக்கா, பயம்" என்றார். எஸ்தருக்கு முதலில் விளங்கவில்லை. ஒருவர் கையால் ஒருவர் சோறு வாங்கினால், அந்த இருவருக்குள் கடைசியாக வாங்கியவர் யாரோ அவர்தான் தோல். ஆவுடையப்பன் ஊருக்கெல்லாம் போடுவான், யாரிடமும் வாங்கமாட்டான், ஏனென்றால் வாங்கிய அன்றைக்கு அது திரும்பிவிடும் என்று அவனுக்குத் தெரியும். இதை நவமணி ஒரே மூச்சில் சொல்லிவிட்டு ஊர் வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

ரேஷன் கடை வாசலில், காலை வெயிலில், வரிசையில் நின்ற ஜனங்களுக்கு முன்னால், கூலி கேட்ட டிராக்டர் டிரைவர் சொர்ணமுத்துவை ஆவுடையப்பன் ஜாக்கிக் கம்பியால் அடித்துக் கொன்றான். மண்டை உடைந்த பிறகும் அடித்துக்கொண்டிருந்தான் என்பதை வரிசையில் நின்ற இரண்டு பெண்கள் பார்த்தார்கள். ஒரு ராத்திரி அவன் உள்ளே இருந்து காட்டட்டும், அப்புறம் வாயைத் திறக்கிறோம் என்றார்கள் இருவரும். நவமணி கல்யாண மண்டபத்திலிருந்து பஞ்சு மெத்தைகளை எல்லாம் வாடகைக்கு எடுத்தார். கிரஷர் அலுவலக வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவனை, தடி இல்லாமல், துப்பாக்கி இல்லாமல், ஆளுக்கொரு மெத்தையைக் கேடயமாகப் பிடித்த காவலர்கள் நாலு பக்கமும் நெருங்கி, நசுக்காமல் நெருக்கி, பாயைச் சுருட்டுவதுபோலச் சுருட்டி, வேட்டிகளால் கட்டி ஜீப்பில் ஏற்றினார்கள். அவன் சிரித்துக்கொண்டே தன் நாக்கைக் கடித்தான். கிரஷர் தெருவில் ஒருத்தி வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தவள் அடுப்பில் ரத்தம் துப்பினாள். நவமணி மடித்த துண்டை அவன் பற்களுக்கிடையில் வைத்துவிட்டு, மன்னிக்கணும் என்றார்.

லாக்கப்பின் சுவர்களுக்கும் தரைக்கும் மெத்தை அடித்திருந்தார்கள். கதவுக் கீலை மறந்துவிட்டார்கள். துண்டை எடுத்த சிறிது நேரத்தில் ஆவுடையப்பன் அந்தக் கீலில் நெற்றியை மோதினான். கிரஷர் தெருவில் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்த மாடசாமித் தாத்தா தீக்குச்சியோடு முன்னால் சரிந்தார், குச்சி அவருடைய மீசையைக் கருக்கிவிட்டு அணைந்தது. செய்தி ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தபோது ஆவுடையப்பன், "இன்னொன்னு வேணுமா மேடம்" என்றான். நாளைக்குக் காலையில் நீதிபதிக்கு முன்னால் நிற்பேன், வக்கீல் ஜாமீன் வாங்குவார், நேரே குவாரி விளிம்புக்குப் போவேன், வாயைத் திறந்த ஒவ்வொருத்திக்கும் ஒரு தடவை குதிப்பேன் என்று, சந்தைக்குப் போகிறதைச் சொல்வதுபோலச் சொன்னான். முந்தின நாளிலிருந்து அவன் சாப்பிடவில்லை. அவனுக்குப் பசியும் இல்லை. பசி கிரஷர் தெருவில் இருந்தது. அங்கே பிள்ளைகள் சோற்றுப்பானையைச் சுரண்டித் தின்றுவிட்டும் அழுதுகொண்டிருந்தன.

நவமணி எஸ்தரைக் கிரஷர் தெருவுக்கு அனுப்பினார். வீட்டுக்கு ஒரு பிடி அரிசி. பெண்கள் தங்கள் கையால் அள்ளிப் போட வேண்டும், எதற்கு என்று தெரிந்து போட வேண்டும், மனம் இல்லாதவள் போடவேண்டாம். ஒருத்தியும் இல்லை என்று சொல்லவில்லை. குவாரியில் ஜல்லி சுமக்கிறவர்கள், சல்லடை போடுகிறவர்கள், ஊர்ப் பாத்திரம் தேய்க்கிறவர்கள் எல்லோரும் ரேஷன் அரிசியைப் பிடித்துப் போட்டார்கள். முப்பிடாதி இரண்டு கையாலும் அள்ளினாள். ஒரு பிடி போதும் மைனி என்று எஸ்தர் சொன்னதற்கு, ஒன்று தனக்கு, ஒன்று கோமதிக்கு என்றாள். அந்த அரிசியைச் சுடலைமாடன் கோயில் வாசலில் பொங்கி, முருங்கைக்கீரை துவட்டி, முட்டை வைத்துப் படைத்தார்கள். கோயிலில் பூசை வைக்கிறவர் திருநீற்றோடு அந்த இலையை லாக்கப்புக்குள் கொண்டுவந்து வைத்தார்.

சாமி இலையை ஆவுடையப்பன் மறுக்கமாட்டான். அவன் வெட்டிய கிடாக்களை எல்லாம் அந்தச் சாமிக்குத்தான் வெட்டினான். ஆனாலும் கையை நீட்டாமல், யார் வீட்டு அரிசி என்று கேட்டான். எஸ்தர் நவமணியைப் பார்த்தார். சாமிக்கு வந்த அரிசி என்று சொன்னால் போதும்.

"கிரஷர் தெரு அரிசி," என்றார் நவமணி. "வீட்டுக்கு ஒரு பிடி. பொம்பளையள் போட்டது."

ஆவுடையப்பன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். "இதச் சொல்லாம ஊட்டிருந்தா நீங்க போலீசு. சொல்லிட்டீங்களே. அந்தத் தெருவுல எவ மேடம் சொந்தமா அரிசி வாங்கினா? அவளுவ கூலி நான் குடுத்தது. அரிசி என் அரிசி, சாமி என் சாமி, என் சோத்த நான் திங்கதுக்கு எனக்கு என்ன?" என்று சொல்லிவிட்டு, நாலு விரலால் பிசைந்து, கீரையை ஒதுக்கி, முட்டையை உடைத்து, வழித்துத் தின்றான். இலையை மடித்துவிட்டுத் தண்ணீர் கேட்டான்.

அதன் பிறகு அவனுக்கு ஏப்பம் வந்தது. அப்போது கிரஷர் தெருவில் பிள்ளைகள் அழுகையை நிறுத்தின.

வராந்தாவில் எஸ்தர், ஏன் மேடம் பொய் சொல்லவில்லை என்று கேட்டார். பொய் சொல்லிப் போட்ட சோறு ஒட்டாது அக்கா என்று நவமணி சொன்னார். அன்று ஸ்டேஷனே கொஞ்சம் சிரித்தது. தெரு வீடுகளின் அரிசியைத் தின்றவன் இப்போது அந்த வீடுகளின் தோல், இனி அவன் கீலில் மோதினால் அவன் நெற்றிதான் உடையும். காலையில் சாட்சிகள் வருவார்கள். அதற்குள் தெருப் பெண்களுக்கு ஏதாவது முள் குத்தினாலும் சுடுசட்டி பட்டாலும் அது இவனுக்கு விழும், அதனால் என்ன, அந்தச் சின்ன வலி இவனுக்கு நல்லதுதான் என்று நவமணி கணக்குப் போட்டிருந்தார். எத்தனையோ வருட சர்வீஸ் உள்ளவர், எந்த வழக்கிலும் கணக்குத் தவறாதவர், இந்த ஒரு கணக்கில் தவறினார். ஒரு தெருப் பெண்களின் உடம்பில் ஒரு நாளைக்கு என்னென்ன விழும் என்று அவருக்குத் தெரியாது. எஸ்தருக்கும் தெரியாது. தெரியவந்தபோதெல்லாம் அவர்கள் அதைக் குடும்ப விஷயம் என்று வாசலிலேயே திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

முதலில் ஆவுடையப்பனின் கெண்டைக்காலில் கல்சில்லுகள் தெறித்த புள்ளிகள் வந்தன. பிறகு உள்ளங்கையில் கொப்புளம். பிறகு தலை பாரமாக இருக்கிறது என்று உட்கார்ந்தான். உச்சியில், கல்கூடைக்கு அடியில் வைக்கிற சும்மாட்டின் வட்டம் சிவந்து பதிந்திருந்தது. வெயில் இறங்கி, குவாரியில் சங்கு ஊதி, ஆண்கள் டாஸ்மாக் வழியாக வீடு திரும்பத் தொடங்கியதும், ஆளில்லாத லாக்கப்புக்குள் ஒரு அறை விழுந்தது. அவன் முகம் ஒரு பக்கம் திரும்பியது. அது திரும்பி நேராவதற்குள் இன்னொன்று. அவனுடைய கிராப்பு முடி கொத்தாக மேலே எழும்ப, தலை பின்னால் வளைந்து, உடம்பு மெத்தை மேல் இழுபட்டது. வயிற்றில் உதை விழுந்தது. ஒன்றல்ல, எட்டுத் திசையிலிருந்தும் விழுந்தது, ஒரே தெருவில் ஒரே நேரத்தில் அத்தனை வீடு. அவன் கத்த வாய் திறந்தபோது வாய் மூடப்பட்டது. உதடுகள் உள்ளங்கைக்கு அடியில் நசுங்குவதுபோல நசுங்கின. விலாவில் எலும்பு ஒடிகிற சத்தம் வெளியே நின்ற காவலர்களுக்குக் கேட்டது. முதுகில் பெல்ட்டின் வார் வரிவரியாக எழுந்தது, பக்கிளின் வடிவம்கூடத் தெரிந்தது. ஒரு தடவை கண்ணாடி உடைகிற சத்தம் தெளிவாகக் கேட்டது என்றும், அந்த அறையில் கண்ணாடிப் பொருள் எதுவும் கிடையாது என்றும் எஸ்தர் சொல்வாராம்.

காவலர்கள் பூட்டைத் திறந்து உள்ளே போய்த் தடுக்கப் பார்த்தார்கள். யாரைத் தடுப்பது. ஒருவர் அவன்மேல் படுத்துக்கொண்டார். அவருக்கு அடியில் அடி விழுந்துகொண்டிருந்தது.

நவமணி அப்போதுதான் புரிந்துகொண்டு, தொப்பியைக்கூட எடுக்காமல், "எல்லாரும் கிரஷர் தெருவுக்கு. வீட்டுக்கு ஒரு ஆள். கதவைத் தட்டாதீங்க, ஒடைங்க" என்றார். மேலக்கரும்பாறை ஸ்டேஷனின் வரலாற்றில் முதல் தடவையாக அந்தத் தெருவுக்கு, அடிபடுகிற பெண்களின் வீடுகளுக்கு, காவல் துறை ஓடியது. ஓடியது ஆவுடையப்பனின் உயிரைக் காப்பாற்ற. கதவுகள் உடைந்தன. உள்ளே அவர்கள் பார்த்ததை எஸ்தர் மகளிடம் பல வருடம் சொல்லவில்லை: கையில் விறகோடு, பெல்ட்டோடு, அம்மிக்குழவியோடு ஆண்கள் மூச்சு வாங்க நிற்க, அவர்களுக்கு எதிரே பெண்கள் ஒரு கீறலும் இல்லாமல், தங்கள் கைகளையும் வயிற்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தி சிரித்துக்கொண்டிருந்தாள். அவளால் நிறுத்த முடியவில்லை.

முப்பிடாதியின் வீட்டில் அவள் புருஷன் தங்கையா, கல் உடைக்கிற சுத்தியலின் காம்பு கையில் முறிந்துபோய், அதையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அவள் இல்லை. கோமதி சுவரைப் பிடித்துக்கொண்டு, அம்மா குவாரிப் பக்கம் போனாள் என்றாள். நடந்தா ஓடியா என்று நவமணி கேட்டார். நடந்துதான், அவசரம் இல்லாமல் நடந்து, என்றாள் கோமதி.

குவாரி விளிம்பில் வெளிச்சம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. கீழே, பனைமரங்கள் தீக்குச்சிபோலத் தெரிகிற ஆழத்தில், பச்சைத் தண்ணீர். முப்பிடாதி விளிம்பில் கால்விரல்கள் வெளியே இருக்க நின்றுகொண்டிருந்தாள். காம்பு முறிந்த அடிக்குப் பிறகும் தனக்கு வலிக்கவில்லை என்பதிலிருந்து அவள் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டாள். குதித்தால் அவள் பூவைப்போல இறங்குவாள். லாக்கப்பில் ஒருத்தன் பாறையில் விழுந்த பூசணியாக உடைவான். குருசாமிக்காகத் தன் பிடி ஒன்று, கோமதியின் காலுக்கு ஒன்று, இரண்டு பிடி போட்டிருந்தாளே.

நவமணி நெருங்கவில்லை. தரையில் உட்கார்ந்தார். அவன் செத்தால் லாக்கப் மரணம், என் மேல் கொலை வழக்கு வரும், சாட்சிகள் வாயை மூடிக்கொள்வார்கள், சொர்ணமுத்து வழக்கு அதோடு போகும் என்று இருந்ததை இருந்தபடி சொன்னார். உன்னை யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள் என்பதையும் சொன்னார். அதையும் மறைக்கவில்லை.

முப்பிடாதி திரும்பாமலே கேட்டாள்: "மண்டை ஒடஞ்சி ஒங்க ஸ்டேசனுக்கு வந்தேன் ஒரு தடவ. ஒங்க மேசையில இருந்த பழைய சாரு என்ன சொன்னாருன்னு தெரியுமா?"

"தெரியும். வீட்டுக்குப் போன்னு."

"நீங்க இருந்தா?"

"நானும் அதத்தான் சொல்லிருப்பேன்," என்றார் நவமணி.

அந்தப் பதிலுக்குத்தான் முப்பிடாதி திரும்பினாள் என்பது எஸ்தரின் கருத்து. எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. ஆனால் அவள் திரும்பினாள், காலை உள்ளே எடுத்து வைத்தாள், சேலையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டினாள்.

"குதிக்க மாட்டேன்," என்றாள். "பயப்படாதீங்க. அவன் சாவக் கூடாது. அவன் செத்தான்னா நாளைக்கு அடி எனக்குல்ல விழும்."

சொல்லிவிட்டு, உலை வைக்க வேண்டும் என்று வீட்டுக்கு நடந்தாள்.

காலையில் ஆவுடையப்பனை ஸ்டிரெச்சரில் தூக்கிக்கொண்டுதான் நீதிமன்றத்துக்குப் போனார்கள். தாடை உடைந்திருந்ததால் அவன் பேசியது பாதிதான் விளங்கியது. போலீஸ் அடித்ததா என்று நீதிபதி மூன்று விதமாகக் கேட்டார். யாரும் தொடவில்லை, ஆளே இல்லை என்று அவன் ஒரே விதமாகச் சொன்னான். பயத்தில் சொல்கிறான் என்று நீதிபதி எடுத்துக்கொண்டார். யாராக இருந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள். நவமணி எதையும் மறுக்கவில்லை. அடி என் ஸ்டேஷனில்தான் விழுந்தது என்றார், அவ்வளவுதான். அவரை இடைநீக்கம் செய்தார்கள். பிறகு எங்கோ ஆயுதக் கிடங்குக்குக் காவலாகப் போட்டார்கள். இரண்டு பெண்களும் சாட்சி சொன்னார்கள். ஆவுடையப்பனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

ஊர் இதற்கும் பழகிக்கொண்டது. கிரஷர் தெருவில் சில ஆண்கள் அடிப்பதை விட்டார்கள்; வலிக்காதவளை அடித்து என்ன பயன் என்றார்கள். சிலர் முன்னைவிட அதிகமாக அடித்தார்கள். வலிக்காதவளை அடித்தால் என்ன பாவம் என்றார்கள். பெண்கள் சிறையிலிருந்தவனின் உடம்பு நன்றாக இருக்க வேண்டும் என்று சுடலைக்குச் சேவல் விட்டார்கள். ஊரிலேயே அவனுடைய ஆயுளுக்காக நேர்ந்துகொண்ட தெரு அப்போதும் அதுதான். சிறையில் தினமும் வெயில் இறங்கும் நேரத்தில் மற்றக் கைதிகள் அவனைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்களாம். பிறகு அவர்களும் வேடிக்கை பார்ப்பதை விட்டுவிட்டு, அவன் பற்களுக்கிடையில் துண்டை மடித்து வைக்கக் கற்றுக்கொண்டார்களாம்.

பல வருடம் கழித்து நன்னடத்தையில் விட்டபோது அவன் தன் வீட்டுக்குப் போகவில்லை. கிரஷர் தெருவின் முனையில், குருசாமி சைக்கிள் கவிழ்த்திருந்த சுவருக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகை போட்டுக்கொண்டான். தூரத்திலிருந்து எதையும் தடுக்க முடியவில்லை என்பது அவன் சொன்ன காரணம். சங்கு ஊதியதும் கையில் ஒன்றும் இல்லாமல் கிளம்பி, வீடு வீடாக வாசலில் நின்று, அன்றைக்கு யார் குடித்திருக்கிறான், யாருக்குக் கூலி குறைந்தது, எவன் சீட்டில் தோற்றான் என்பதையெல்லாம் மோப்பம் பிடித்து, கோபம் கைக்கு வருவதற்குள் நடுவில் போய் நின்று, பேசிப் பேசி ஆளை உட்கார வைத்துவிடுவான். எந்த ஸ்டேஷனுக்கும் இப்படி ஒரு ஆள் அமைந்ததில்லை என்று எஸ்தர் சொல்வாராம். அவனுக்குச் சோறு தெருப் பெண்கள் முறைவைத்துப் போடுகிறார்கள். அவன் மறுப்பதில்லை. மறுக்கவும் விடமாட்டார்கள்.

இதுவரை கேட்டது. போன ஆடியில் நான் ஜெபக்கனியோடு மேலக்கரும்பாறைக்குப் போனேன். அன்று முப்பிடாதியின் முறை. நரைத்துப்போன ஒரு ஆள், வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டிருந்தவர், அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்து தட்டுக்குக் கைநீட்டினார். சட்டை மேலே ஏறியது. இரண்டு மணிக்கட்டிலும், கண்ணாடி வளையல் உடைந்தால் கீறுகிற அதே வளைவில், தழும்பு மேல் தழும்பாக, முழங்கை வரைக்கும் இருந்தது. அவற்றில் ஒன்று இன்னும் ஈரமாக இருந்தது. நான் பக்கத்தில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.